ஏழு தடவை தப்பிச்ச முட்டுக்காட்டு மீன்

கேள்வி: அண்ணா வணக்கம். நான் கேளம்பாக்கத்துல இருக்கேன், ரெண்டு வருஷமா லூர், அதான் பொய் இரை, போட்டு மீன் புடிக்கிறேன். இந்த மார்ச்ல இருந்து முட்டுக்காடு பாலத்துக்கிட்ட விடிகாலைல போறப்ப எல்லாம் ஏதோ ஒண்ணு அடிக்குது, ஆனா கைக்கு வரவே மாட்டேங்குது. இதுவரைக்கும் ஏழு போயிடுச்சு. அஞ்சு தடவை தண்ணிக்கு மேல முழுசா குதிச்சு லூரைத் துப்பிட்டுப் போச்சு, வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அவ்ளோதான் பாத்தேன். ஒரு தடவை லைன் நுனியில லூருக்கு முன்னாடி கட்டற லீடரையே வெட்டிட்டுப் போச்சு. ஒரு தடவை டொப்புன்னு சத்தம் கேட்டுச்சு, தூண் பக்கம் இழுத்துட்டுப் போயி லைன் அறுந்துச்சு. ரப்பர் எறா போட்டா வாலைக் கடிச்சு வெச்சுடுது. காத்து இல்லாத நேரத்துல தண்ணி மேல ஏதோ புரண்டு புரண்டு போறதையும் பாக்கிறேன். கூட வர்றவங்கள்ல ஒருத்தர் கொடுவாங்கறார், ஒருத்தர் ஷீலாங்கறார், ஒருத்தர் பால்மீன்ங்கறார். லைன் 20 எல்பி (பவுண்டு) பிரெய்டு, அதான் பின்னல் நூல், லீடர் 30 எல்பி, லூர் 4 இன்ச் மின்னோ, சின்ன மீன் மாதிரி இருக்கும், டிராக், அதான் மீன் இழுத்தா ரீல் லைனை விட்டுக் குடுக்கிற இறுக்கம், நல்லா டைட்டா வெச்சிருக்கேன். கடைசி தடவை ஹூக்ல ஒரு செதில் மாட்டியிருந்துச்சு, ஒரு ரூபா காசு பக்கத்துல வெச்சு போட்டோ அனுப்பியிருக்கேன். இது என்ன மீன்ணா, எப்படிப் புடிக்கிறது?

பதில்:

தம்பி, மொதல்ல அந்த செதிலை எங்கயும் தொலைச்சுடாதீங்க, ஒரு பேப்பர்ல மடிச்சு பர்ஸ்ல வைங்க. நீங்க எழுதினதுல பாதி பதில் அதுலதான் இருக்கு. மீதி பாதி, அறுந்து போன அந்த லைன் நுனியில இருக்கு, அதைத் தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன், பரவால்ல, நீங்க எழுதினதை வெச்சே சொல்லிடலாம்.

நீங்க மொத அடியிலயே ஒரு விஷயத்தை முடிவு பண்ணிட்டு எழுதியிருக்கீங்க, அதாவது ஏழு தடவையும் தப்பிச்சது ஒரே வகை மீன்னு. அங்கதான் குழப்பமே. கொடுவான்னு ஒருத்தரும் ஷீலான்னு ஒருத்தரும் சொல்றாங்கன்னா ரெண்டு பேரும் தப்பா சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல, ரெண்டு பேரும் வேற வேற நாள் நடந்ததைப் பாத்திருக்காங்க. உங்க ஏழுல குறைஞ்சது மூணு வகை மீன் இருக்கு, ரப்பர் எறா வாலைக் கடிக்கிறதையும் சேத்தா நாலு. நான் 14 வருஷம் மீன் இறங்குதளத்துல விடியறதுக்கு முன்னாடியே நின்னு கூடை கூடையா வர்ற மீனை இனம் பிரிச்சு எழுதுற வேலை பாத்தவன், அதுக்கப்புறம் இப்ப தூண்டில்காரங்களை படகுல கூட்டிட்டுப் போறேன், ரெண்டு வேலையிலயும் நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், பேரை வெச்சு மீனைத் தேடக்கூடாது, மீன் விட்டுட்டுப் போன தடயத்தை வெச்சுத்தான் பேருக்கு வரணும்.

பேர்ன்னதும் இதைச் சொல்லிடறேன், ஏன்னா உங்க ஆளுங்களுக்குள்ள பாதி சண்டை இதனாலயே வந்திருக்கும். சென்னைப் பக்கம் ஷீலான்னா நீட்டு வாயும் கோரப்பல்லும் இருக்கிற பாரகுடா. அதே பேரை தூத்துக்குடியில போயி சீலான்னு சொல்லிப் பாருங்க, உங்க கைல வஞ்சிரத்தைக் குடுப்பாங்க, ஏன்னா அங்க வஞ்சிரம்தான் சீலா, பாரகுடாவை ஊளின்னு சொல்லுவாங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல தெக்க இருந்து மாறி வந்த ஒருத்தர் கூட உக்காந்து ஒரு வாரக் கணக்கை எழுதினேன், அவர் சீலான்னு சொன்னதை நான் பாரகுடான்னு எழுதிட்டே போயிருக்கேன், வஞ்சிரம் ஒரு கிலோ கூட இறங்காத வாரம் மாதிரி ஆயிடுச்சு. அத்தனை தாளையும் திருப்பி எழுதினோம். அன்னைலேருந்து யார் என்ன பேர் சொன்னாலும் நான் வாயைப் பாப்பேன், செதிலைப் பாப்பேன், துடுப்பைப் பாப்பேன்.

சரி, உங்க தப்பிச்ச மீனுங்களுக்கு வருவோம். சின்னதை மொதல்ல முடிச்சுடறேன். ரப்பர் எறா வால் அரைவட்டமா, கத்திரிக்கோலால நறுக்கின மாதிரி போகுதுன்னா அது பேத்தை மீன் வேலை. வாயில மேல கீழ தகடு மாதிரி பல்லு இருக்கும், முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியில அதுங்க நிறைய சுத்தும், ரப்பரை ஒரு காலைல பாக்கெட்டோட தீத்துடும். அது மாட்டுச்சுன்னா பிளையர்ல கழட்டி தண்ணிலயே விட்டுடுங்க, விரலை வாய்கிட்ட கொண்டு போகாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதைப் பத்தி நினைக்கவே வேணாம், அதோட விஷம் சமைச்சாலும் போகாது, மருந்தும் கிடையாது, ஆளைக் கொன்னுடும்.

லீடர் வெட்டுப்பட்டது ஷீலாதான். எப்படிச் சொல்றேன்னா, 30 எல்பி லீடரை ஒரே வெட்டா, மத்த இடத்துல ஒரு கீறல் கூட இல்லாம வெட்டணும்னா கத்தி மாதிரி பல்லு வேணும். பாறையிலயோ தூண்லயோ உரசி அறுந்தா லைன் அப்படி இருக்காது, கையை மேல கொண்டு போயி தடவிப் பாத்தீங்கன்னா ஒரு முழத்துக்காவது சொரசொரன்னு இருக்கும், வெள்ளையா சுரண்டியிருக்கும். இனிமே எது அறுந்தாலும் மொத வேலையா நுனியைப் பிடிச்சு ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு இழுத்துப் பாருங்க. வழவழன்னு இருந்து நுனி மட்டும் போயிருந்தா பல்லு. சொரசொரன்னு இருந்தா தூண், பாறை, இல்ல அதுல ஓடு மாதிரி ஒட்டியிருக்கிற கொட்டலசு. நுனி சுருண்டு பன்னிவால் மாதிரி இருந்தா முடிச்சு அவிழ்ந்திருக்கு, அது மீனோட தப்பு இல்ல.

தூண் பக்கம் இழுத்துட்டுப் போனது கொடுவாதான்னு தொண்ணூறு சதவீதம் சொல்லுவேன். அந்த டொப்புங்கற சத்தத்தை நீங்க எழுதினது ரொம்ப நல்லதாப் போச்சு. கொடுவா துரத்தித் துரத்தி கடிக்கிற மீன் இல்ல, தூண் நிழல்ல அசையாம நிக்கும், இரை பக்கத்துல வந்ததும் வாயை மொத்தமா தொறந்து தண்ணியோட சேத்து உறிஞ்சும், அந்த சத்தம்தான் அது. மாட்டினதும் நேரா வந்த எடத்துக்கே திரும்பப் போகும், பாலத் தூண்ல ஒட்டியிருக்கிற கொட்டலசும் சிப்பியும் ரம்பம் மாதிரி, அதுல பிரெய்டு ஒரு தடவை பட்டாப் போதும். போதாக்குறைக்கு கொடுவாவோட செவுள் மூடியே கத்திதான், மார்க்கெட்ல அதை சுத்தம் பண்றவங்க கையைப் பாத்திருப்பீங்க.

இப்ப மிச்சம் அஞ்சு. நீங்க தூங்காம கிடக்கறதும் அந்த அஞ்சுக்காகத்தான்.

கொடுவாவும் குதிக்கும், அதனால குதிச்சதை மட்டும் வெச்சு அதை ஒதுக்க முடியாது. ஆனா கொடுவா பெரும்பாலும் பாதி உடம்பை வெளிய எடுத்து, செவுளை விரிச்சு, தலையை இப்படியும் அப்படியும் உதறும், அதுக்கப்புறம் கீழ போயிடும். நீங்க சொல்றது முழு உடம்பும் காத்துல. பால்மீனும் பிரமாதமா குதிக்கும், வெள்ளியாவும் இருக்கும், அந்தப் பக்கத்துல பால்மீன் பேர் அடிபடறதுக்கு காரணமும் இருக்கு, முட்டுக்காட்டுலயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, 1997ல கொடுவாவை குஞ்சு பொரிக்க வெச்சு, 2015ல பால்மீனையும் பொரிக்க வெச்சவங்க அவங்கதான். ஆனா பால்மீனுக்கு வாயில பல்லே கிடையாது தம்பி, சின்ன வாய், பாசியையும் சேத்துல படிஞ்சிருக்கிறதையும் மேயற மீன். அது 4 இன்ச் பிளாஸ்டிக் மீனை அஞ்சு தடவை துரத்திக் கடிக்காது. உடம்புல தற்செயலா ஹூக் குத்தி ஒரு தடவை மாட்டலாம், அஞ்சு தடவை மாட்டாது.

இப்ப செதிலுக்கு வாங்க. போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். காசு அளவுக்கே கிட்டத்தட்ட இருக்கு. ஒரு ஓரத்துல மட்டும் வெள்ளிப்பூச்சு மாதிரி மெல்லிசா தோல் ஒட்டியிருக்கு, மிச்சமெல்லாம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுது. வெள்ளி ஓரம்தான் வெளிய தெரியற பகுதி, கண்ணாடி பகுதி முன்னாடி செதிலுக்கு அடியில சொருகி இருக்கிறது, ஓடு வேய்ஞ்ச கூரை மாதிரி. உள்ள சொருகியிருந்த ஓரத்துல இருந்து நடுவை நோக்கி விசிறி மடிப்பு மாதிரி கோடுங்க வருது பாருங்க. இப்ப அந்த வெள்ளி ஓரத்துல கட்டைவிரல் நகத்தை வெளியில இருந்து உள்ள தள்ளி உரசிப் பாருங்க. கொடுவா செதிலா இருந்தா அந்த விளிம்புல கண்ணுக்கு சரியா தெரியாத சின்ன சின்ன முள்ளு சீப்பு மாதிரி இருக்கும், நகம் கரகரன்னு தட்டும். வழவழன்னு போச்சுன்னா கொடுவா இல்ல. போட்டோவுல விளிம்பு சுத்தமா வழவழன்னுதான் தெரியுது.

அடுத்தது அளவு. பால்மீனுக்கும் வழவழ செதில்தான், ஆனா செவுள்ல இருந்து வால் வரைக்கும் உடம்பு நடுவுல போற கோட்டுல எண்ணினா 75க்கு மேல செதில் இருக்கும், அதனால ஒவ்வொண்ணும் சின்னது. காசு அளவு செதில் வரணும்னா அந்த பால்மீன் உங்க இடுப்பு உசரத்துக்கு இருக்கணும், நீங்க பாத்தது அப்படி இல்லையே. வெள்ளி உடம்பு, வழவழ செதில், ஒண்ணரை அடி ரெண்டு அடி மீனுக்கே காசு அளவு செதில், அப்படின்னா அந்தக் கோட்டுல மொத்தமே 40 செதில் வாக்குலதான் இருக்கணும். நம்ம உப்பங்கழியில இதுக்குப் பொருந்தற, லூரைத் துரத்தி அடிக்கிற மீன் ஒண்ணுதான்.

மோரான் கெண்டை. தூண்டில்காரங்க டார்பன்னு சொல்றது. அமெரிக்காவுல புளோரிடா பக்கம் 100 கிலோவுக்கு மேல போற டார்பன் இருக்கு, வீடியோவுல பாத்திருப்பீங்க, அதோட குடும்பத்துல உலகத்துலயே மொத்தம் ரெண்டே இனம், ஒண்ணு அட்லாண்டிக்ல, இன்னொண்ணு நம்மூர்ல. நம்மது சின்னது, கைல கிடைக்கிறது பெரும்பாலும் ரெண்டு அடிக்குள்ளதான், ஆனா குதிக்கிறதுல அண்ணனுக்குத் தம்பி சளைச்சது இல்ல.

நீங்க கடைசியில ஒரு வரியா எழுதி விட்டுட்டீங்க பாருங்க, காத்து இல்லாத நேரம் தண்ணி மேல புரண்டு போகுதுன்னு, எனக்கு அதைப் படிச்ச உடனே செதிலே தேவைப்படல. மோரான் கெண்டை காத்தைக் குடிக்கிற மீன். அதோட காத்துப்பை நுரையீரல் மாதிரி வேலை செய்யும், மேல வந்து ஒரு வாய் காத்தை எடுத்துட்டு முதுகைக் காட்டிப் புரண்டு கீழ போகும், பின்னாடியே நாலு கொப்புளம் வரும். முட்டுக்காட்டுல கோடை காலத்துல என்ன ஆகுது, மணல் மேடு போட்டு முகத்துவாரம் சுருங்கிடும், சில சமயம் அடைச்சே போயிடும், வடகிழக்குப் பருவமழை வந்து வெள்ளம் உடைச்சாத்தான் நல்லா தொறக்கும். தொறக்கற வரைக்கும் உள்ள இருக்கிற தண்ணி சூடாகி, நகராம நின்னு, ஆக்சிஜன் குறையும். மத்த மீனுக்கு மூச்சு முட்டற தண்ணியில இது மேல வந்து காத்தைக் குடிச்சுட்டு சுகமா இருக்கும். மார்ச்ல இருந்து உங்களுக்கு இது தெரிய ஆரம்பிச்சது தற்செயல் இல்ல. பல்லுல பறிக் கூடையைக் கடிச்சுக்கிட்டு கையாலயே எறா தடவிப் புடிக்கிற இருளர் அக்காங்ககிட்ட கேட்டுப் பாருங்க, தண்ணி புரள்ற விதத்தைப் பாத்தே சொல்லிடுவாங்க, எனக்கு அதை மொதல்ல காட்டினதே அவங்கள்ல ஒருத்தர்தான். அவங்க தண்ணிக்குள்ள இருக்கிறப்ப அந்தப் பக்கம் லூரை வீசாதீங்க, தயவுசெஞ்சு.

பேரைப் பத்தி இன்னொண்ணு. இதுக்கும் கெண்டைக்கும் ஒறவே கிடையாது. இதோட குஞ்சு பொறந்தப்ப இலை மாதிரி தட்டையா, கண்ணாடி மாதிரி இருக்கும், விலாங்கு குஞ்சும் அப்படித்தான் இருக்கும், ஒறவு அந்தப் பக்கம். ஆனா பெரிய செதிலைப் பாத்துட்டு நம்ம ஆளுங்க கெண்டைன்னு பேர் வெச்சாங்க, 1782ல இதுக்கு அறிவியல் பேர் வெச்ச புரூசொனே கூட சிப்ரினாய்டிஸ்னுதான் வெச்சார், அதுக்கும் அர்த்தம் கெண்டை மாதிரிங்கறதுதான். ஒருத்தரை ஒருத்தர் பாக்காம ரெண்டு பக்கமும் அதே செதிலைப் பாத்து அதே பேரைச் சொல்லியிருக்காங்க, எனக்கு இது எப்பவும் சந்தோஷமா இருக்கும்.

இப்ப ஏன் தப்பிக்குது? அதோட வாயைத் தொட்டுப் பாத்தாத்தான் புரியும். கீழ்த்தாடை மேல தூக்கி, உள்ள முழுக்க எலும்பு, தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கும், ஹூக் ஏறறதுக்கு சதையே இல்ல. லூரோட கம்பெனியிலயே வர்ற தடிமனான ட்ரெபிள் ஹூக், அதான் மூணு முனை ஹூக், அந்த எலும்புல குத்தாது, சும்மா தொத்திக்கிட்டு நிக்கும். மீன் குதிச்சு தலையை உதறறப்ப நீங்க டைட்டான டிராக்ல ராடைத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க, லைன் வீணை நரம்பு மாதிரி நிக்குது, எதிர்ப்பக்கம் லூரோட கனம், அதை வெச்சே மீன் நெம்பிக் கழட்டிடுது.

அதனால அந்த ரெண்டு ட்ரெபிளையும் கழட்டிட்டு, மெல்லிசான கம்பியில செஞ்ச ஒத்தை ஹூக் போடுங்க, 1ஆம் நம்பர் போதும். முனையை கட்டைவிரல் நகத்து மேல வெச்சு லேசா இழுங்க, வழுக்கிட்டுப் போனா அது மொக்கை, நகத்துல கடிச்சு நின்னாத்தான் கூர். முனைக்குக் கீழ பின்பக்கமா நீட்டிட்டு இருக்கிற அந்த எதிர்முள் இருக்குல்ல, அதை பிளையர்ல நசுக்கிடுங்க. இதைச் சொன்னா எல்லாரும் இன்னும் சுலபமா கழண்டுடுமேன்னு பயப்படுவாங்க, ஆனா எலும்பு வாயில எதிர்முள்தான் உள்ள ஏற விடாம தடுக்கறது, வழவழன்னு இருந்தா ஒரே தள்ளுல வளைவு வரைக்கும் போயிடும். லூரும் 4 இன்ச் வேணாம், ரெண்டரை இன்ச்சுக்கு வாங்க, அந்த நேரத்துல அது தின்னுட்டு இருக்கிறது மடவைக் குஞ்சும் எறாவும்தான்.

அடிச்ச உடனே வீடியோவுல பண்ற மாதிரி மூணு தடவை மேல வெட்டி இழுக்காதீங்க, கனம் தெரியற வரைக்கும் ரீலைச் சுத்திட்டே இருந்து, ராடை தண்ணி மட்டத்துக்கு பக்கவாட்டுல ஒரே இழுவையா இழுங்க. டிராக்கை கைத்தராசு மாட்டி இழுத்துப் பாத்து ஒண்ணரை கிலோவுல வைங்க, 20 எல்பி லைன் 9 கிலோ தாங்கும், அதுல ஆறுல ஒரு பங்குதான் இது, இந்த மீனுக்கு தாராளம். முக்கியமானது அது குதிக்கிற நொடி. லைன் சாய்வா மேல ஏறும், அப்பவே தெரிஞ்சுடும் வெளிய வரப்போகுதுன்னு, உடனே ராடை மீன் பக்கமா நீட்டித் தாழ்த்திக் குடுங்க, லைன்ல தொய்வு வரட்டும், தொய்வுல எவ்ளோ உதறினாலும் நெம்பறதுக்கு அதுக்குப் பிடி கிடைக்காது. தண்ணிக்குள்ள விழுந்ததும் திரும்ப இறுக்கிடுங்க. இது கைக்கு வர நாலஞ்சு மீனாவது ஆகும், ஏன்னா குதிக்கிறப்ப நம்ம கை தானா மேல தூக்கத்தான் பாக்கும்.

இவ்ளோ பண்ணியும் ரெண்டுக்கு ஒண்ணு போகத்தான் செய்யும், டார்பனுக்கு அது சாதாரணம்.

லீடர் அதே 30 எல்பி இருக்கட்டும். ஷீலாவுக்குப் பயந்து ஸ்டீல் வயர் கட்டாதீங்க, மோரான் கெண்டைக்கு கண்ணு பெருசு, அமைதியான தண்ணியில வயரைப் பாத்தா ஒதுங்கிடும், எப்பவாவது ஒரு லூர் போனா போகட்டும். கொடுவாதான் வேணும்னா அது வேற நாள், வேற லைன், தூணுக்கு எதிர்ப்பக்கம் நின்னு மொத அஞ்சு செகண்டுல அதைத் திருப்பணும், ரெண்டையும் ஒரே செட்டுல ஒரே காலைல புடிக்கணும்னு பாத்தா ரெண்டும் போகும். அப்புறம், பாலத்து மேல நின்னு போடாதீங்க, ஈசிஆர் வண்டிங்க எந்த வேகத்துல வரும்னு உங்களுக்குத் தெரியும். கீழ இறங்கினா செருப்பு இல்ல, ஷூ போடுங்க, சிப்பி காலைக் கிழிச்சுடும், காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க, சேத்துல திருக்கை படுத்திருக்கும்.

புடிச்சீங்கன்னா ஒரு வேண்டுகோள், விட்டுடுங்க. சாப்பாட்டுக்கு அது அவ்ளோ ஒத்து வராது, உடம்பு முழுக்க நூல் நூலா முள்ளு, மார்க்கெட்லயும் பெருசா விலை போகாது. ஆனா தூண்டில்ல இந்த மாதிரி ஆட்டம் காட்டற மீன் சென்னைக்கு இவ்ளோ பக்கத்துல வேற இல்ல, அந்தக் கூட்டம் சின்னது, ஒரே எடத்துல சுத்தறது, ஒரு வாரத்துல பத்து பேர் வந்து அள்ளிட்டுப் போனா அடுத்த வருஷம் நீங்க எனக்கு எழுத மீன் இருக்காது. செவுளுக்குள்ள கைவிட்டுத் தூக்காதீங்க, கையை நனைச்சுக்கிட்டு வயித்துக்கு அடியில தாங்கிப் பிடிங்க, முடிஞ்சா தண்ணியிலயே வெச்சு ஹூக்கைக் கழட்டுங்க, எதிர்முள்ளை நசுக்கி வெச்சிருந்தா ஒரு திருகுல வந்துடும்.

விடறதுக்கு முன்னாடி முதுகுத் துடுப்பைப் பாருங்க. அதோட கடைசி கதிர் மட்டும் தனியா, நூல் மாதிரி வாலைப் பாத்து நீளமா போயிருக்கும். கொடுவாவுக்கு அது கிடையாது, ஷீலாவுக்குக் கிடையாது, பால்மீனுக்கும் கிடையாது. அந்த நூல் தெரியற மாதிரி, மீனை தண்ணியிலயே பக்கவாட்டுல சாய்ச்சு ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எத்தனாவது குதியில ராடைத் தாழ்த்தினீங்கன்னும் சேத்து எழுதுங்க.